ஒன்பது கிலோ வீடு

பிறந்தபோது அதன் எடை ஒன்பது கிலோ. ஆடிக் கடைசியில் பிறந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் அறுநூற்று நாற்பது கிலோ ஆகிவிட்டது. யாரும் அதற்குச் சோறூட்டவில்லை. கையெழுத்துப் போட்டே வளர்த்தார்கள்.

பெற்றவர்கள் இரண்டு பேர். ராசப்பன் நினைவுப் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கும் தேவிப்ரியா ஒருத்தி. ஆட்டையாம்பட்டிக்காரி, அப்பா தறி ஓட்டுகிறவர். பேருந்தில் ஏறினால் சன்னலோரம்தான் உட்காருவாள். பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். இன்னொருவன் அவளோடு படிக்கும் கோகுல்ராஜ். அவன் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். "பட்டறை எங்களுது மாதிரிதான்" என்று கோகுல்ராஜ் சொல்வான். முதலாளிக்கு மட்டும் அது தெரியாது.

சமூகத்துக்குப் பயன்படும் ஒரு பொருளை ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தது. பதினெட்டுக் குழுக்கள். பதினேழு குழுக்கள் முட்டை எண்ணும் கருவி செய்தன. சுற்றிலும் கோழிப்பண்ணைகள் இருக்கிற ஊரில் சமூகம் என்றால் முட்டைதான். தேவிப்ரியாவுக்குத்தான் தினமும் சன்னலில் தெரியும் அந்த ஆள் நினைவுக்கு வந்தார்.

அவர் பெயர் சென்றாயன். பைபாஸ் ரோட்டில் ஒரு டயர்க்கடை வாசலில் படுப்பவர். இருபது வருடம் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே எல்லா ஊர் மண்ணையும் துளைத்துப் பார்த்தவர். ஒரு நாள் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்தது; அதோடு ரிக் போனது. வீடு எப்படிப் போனது என்று கேட்டால், "அது ஒரு பக்கமாப் போச்சுங்க சாமி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கல்லூரி கொடுத்த ஆய்வுப் படிவத்தோடு இருவரும் அவரிடம் போனார்கள். முதல் கேள்வி, "தங்கள் வீட்டில் எத்தனை அறைகள்?" தேவிப்ரியா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"அண்ணா, உங்களுக்கு ஒரு கூடாரம் செய்யறோமுங்க. என்னென்ன வசதி இருக்கோணும்?"

"வசதியா?" சென்றாயன் கொஞ்சம் யோசித்தார். "ஒத்தக் கையில தூக்கோணும் அம்மிணி. அவ்வளவுதான். கடைக்காரரு காத்தால அஞ்சு மணிக்கு ஷட்டரத் தூக்கிருவாரு. அதுக்குள்ள மடிச்சு எடுத்துட்டுப் போயிரோணும். பத்துக் கிலோக்கு மேல தூக்குனா இடுப்பு அன்னிக்குப் பூரா நிமுராது."

"சன்னல் வேணுங்களா?" என்றான் கோகுல்ராஜ்.

"சன்னல் எதுக்குங்க தம்பி? ரோடே எனக்குச் சன்னலாத்தான இருக்குது. மூடறதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க."

பதினைந்தே நாளில் செய்துவிட்டார்கள். பட்டறையில் கழித்துப் போட்ட லாரித் தார்ப்பாய், ஆறு அலுமினியக் குழாய், கோகுல்ராஜின் அப்பா ஓசியில் போட்டுக் கொடுத்த வெல்டிங். விரித்தால் ஆறடிக்கு மூன்றடி. மடித்தால் ஒரு மூட்டை, தோளில் மாட்ட ஒரு வார். மூன்றே நிமிடத்தில் நிற்கும், இரண்டு நிமிடத்தில் மடங்கும். டயர்க்கடை வாசலில் சென்றாயன் அதை ஒற்றைக் கையால் தூக்கினார். ரோட்டோரமாகப் பத்தடி நடந்து போய்த் திரும்பி வந்தார். சிரித்தார். அவர் சிரித்து அவர்கள் பார்த்தது அன்றுதான்.

"இப்பவே குடுத்துட்டுப் போங்க அம்மிணி."

அந்த இடத்தில்தான் தேவிப்ரியா தன் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கையெழுத்து வாங்காமல் எதையும் செய்யாத பிள்ளை அவள்.

"காலேஜ்ல ஒரே ஒரு கையெழுத்து வாங்கோணுமுங்க. வர்ற வெள்ளிக்கிழமை கொண்டாந்து குடுத்தர்றேன்."

"வெள்ளிக்கிழமை நல்ல நாளுதான்" என்றார் சென்றாயன்.

கையெழுத்துப் போட வேண்டியவர் முனைவர் ஆனந்தகுமார், கல்லூரியின் புத்தாக்க மைய இயக்குநர். அந்த மையத்தில் அவரும் ஒரு ஏசி எந்திரமும் இருந்தார்கள். இரண்டில் ஓய்வில்லாமல் ஓடியது ஏசிதான். அவர் மூட்டையைச் சுற்றி வந்தார்.

"இதுக்குப் பேர் என்ன?"

"கூடாரம் சார்."

"ஐப்பசியில தரமதிப்பீட்டுக் குழு வருது. குழு வந்து கேட்டா, கூடாரம்னா சொல்லுவீங்க? சர்க்கஸா நடத்தறோம்? பேர் இல்லாத பொருளுக்கு நான் எங்க கையெழுத்துப் போடறது?"

பெயர் வைக்கத் தாளாளர் தனபாலிடம் போக வேண்டும். தனபால் ரிக் வண்டி முதலாளியாக இருந்து, கோழிப்பண்ணை முதலாளியாக இருந்து, பிறகு கல்வித் தந்தை ஆனவர். கல்லூரியில் எதற்குப் பெயர் வைக்கச் சொன்னாலும் அவருக்கு யோசிக்க நேரம் ஆகாது. நூலகம் ராசப்பன் நூலகம். உணவகம் ராசப்பன் உணவகம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அதே பெயர்தான். கூடாரம் அன்றே "ராசப்பன் இல்லம்" ஆயிற்று.

பெயர் வைத்தபின் அவர் பொருளைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன அம்மிணி இது, தார்ப்பாயி! லாரி மேல போடறதாச்சே. எங்கப்பன் பேரு வெச்ச ஊட்டுக்கு லாரித் துணியா போத்தறது?"

"எடை குறைவா இருக்குமுங்க சார். அவர் ஒத்தக் கையில—"

"எடை கொறஞ்சா மரியாதை கொறஞ்சு போயிரும். தகடு அடிங்க. நல்ல இரும்புத் தகடு."

தகடு அடித்தார்கள். தகட்டைத் தாங்க இரும்புச் சட்டம் வந்தது. அறுபத்திரண்டு கிலோ. விடுதிச் சமையலறைத் தராசில் வைத்துத் தேவிப்ரியாவே நிறுத்துப் பார்த்தாள். அலுமினியக் குழாய்களையும் தார்ப்பாயையும் ஒரு மூலையில் போட்டுவிட்டார்கள்.

இல்லம் என்று பெயர் வந்துவிட்டதால் அது வீடு. வீடு என்றால் வாஸ்து பார்க்காமல் முடியுமா? சேலத்திலிருந்து வாஸ்து நிபுணர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். திசைகாட்டியைத் தகட்டின் மேல் வைத்தார். முள் ஆடியது.

"வாசல் எந்தத் திசை?"

"வெக்கிற பக்கமுங்க" என்றான் கோகுல்ராஜ்.

"வெக்கிற பக்கம்னு ஒரு திசை கிடையாது தம்பி. எட்டுத்தான் இருக்குது."

"இது நகர்ற வீடுங்க."

"நகரட்டும். நான் வேண்டாங்கல. ஆனாத் திரும்பப்படாது. எங்க போனாலும் வடகிழக்கு பாத்தே போகோணும். தெக்கு பாத்து ஒருக்காத் திரும்பிருச்சுன்னா உள்ள குடியிருக்கறவருக்குச் சொத்து நாசம்."

சென்றாயனுக்கு நாசமாக என்ன சொத்து இருக்கிறது என்று தேவிப்ரியா யோசித்துப் பார்த்தாள். ஒரு போர்வை இருந்தது. ஒரு எவர்சில்வர் தம்ளர் இருந்தது. அதைக் காப்பாற்ற, வீடு திரும்பாமல் இருக்கும்படி அடியில் கனமான இரும்புப் பீடம் ஒன்று பற்றவைக்கப்பட்டது. சமையலறைத் தராசு அதோடு கையை விரித்துவிட்டது. அதற்குமேல் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. எடைமேடைக்காரர் ரசீதை நீட்டிக்கொண்டே, "லோடு எறக்கிட்டு எடை போட்டீங்களா, எறக்காமயா?" என்று கேட்டார்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டேயிருந்தன. கல்லூரிப் பேருந்து டயர்க்கடையைக் கடக்கும்போது சென்றாயன் கையைத் தூக்குவார். மாலையில் தேவிப்ரியா இறங்கிப் போய், "வர்ற வெள்ளிக்கிழமைங்கண்ணா" என்பாள். ஆறு வெள்ளி அப்படிப் போயிற்று. ஏழாவது வெள்ளி அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "பரிச்சை நல்லா எழுதுனீங்களா அம்மிணி?" என்று கேட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புரட்டாசி நடுவில் ரோட்டை அகலப்படுத்துகிறவர்கள் வந்தார்கள். டயர்க்கடையின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த தகரக் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் சென்றாயனுக்கு மேலே வானம் மட்டும்தான்.

"மழை இன்னும் ஒரு மாசத்துல புடிச்சுக்குமுங்களே" என்றார், வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

தேவிப்ரியா ஆனந்தகுமாரிடம் ஓடினாள். அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா? இப்பத்தான் அவர் முழுமையான பயனாளி. முன்னாடி கொஞ்சம் கூரை இருந்துச்சு. குழு கேட்டா நமக்குச் சிக்கலாயிருக்கும். அவரை வரச்சொல்லி ஐடி கார்டு போட்ரு. கார்டு இல்லாத ஆளை வளாகத்துக்குள்ள காட்ட முடியாது."

கார்டு போடும் அலுவலகத்தில் அகல்யா என்று ஓர் அக்கா இருந்தாள். கணினித் திரையைத் தவிர உலகில் வேறு எதையும் நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரம் கிடையாது.

"பேரு?"

"சென்றாயனுங்க."

"டேஸ்காலரா, ஹாஸ்டலா?"

சென்றாயன் தேவிப்ரியாவைப் பார்த்தார்.

"ஊட்டுல இருந்து வர்றீங்களா, ஹாஸ்டல்ல தங்கறீங்களான்னு கேக்கறாங்கண்ணா."

"ரெண்டுமில்லீங்களே."

"ரெண்டுல ஒண்ணு அமுக்குனாத்தான் அடுத்த பக்கம் போகும்" என்றாள் அகல்யா. "ஹாஸ்டல்னா ரூம் நம்பர் கேக்கும். டேஸ்காலர்னே போட்டுர்றேன். எந்தத் துறை?"

"அக்கா, அவர் ஸ்டூடண்ட் இல்ல. வீடற்றவர்."

"அப்படி ஒரு துறை இல்லியே... சரி, 'மற்றவை'. எந்த வருஷம்?"

"இங்க வந்து அஞ்சாறு வருசம் ஆச்சுங்க" என்றார் சென்றாயன்.

"முதல் வருஷம்னே இருக்கட்டும். அப்பத்தான் நாலு வருஷம் கார்டு செல்லும்."

சென்றாயன் நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டேஸ்காலர் என்று அமுக்கியவுடன் கணினி அவருக்கு ஒரு பேருந்துத் தடத்தையும் ஒதுக்கிவிட்டது. டயர்க்கடை நிறுத்தம், காலை ஏழு நாற்பது. புகைப்படத்தில் அவர் மிரண்டுபோய் இருந்தார். முதலாம் ஆண்டு மாணவர்கள் எல்லோருமே அப்படித்தான் இருப்பார்கள்.

அடுத்ததாகக் கல்வெட்டு. திறப்பு விழா என்று ஒன்று இருந்தால் கல்வெட்டு இல்லாமல் அந்தப் பக்கத்தில் எதையும் திறக்க மாட்டார்கள். நாலடிக் கறுப்புக் கிரானைட்டில் பொன்னெழுத்து. தாளாளர், தாளாளரின் துணைவியார், மகன், மருமகள், முதல்வர், ஆனந்தகுமார் என்று பதினோரு பெயர்கள். இடம் போதாததால் செய்தவர்கள் "மற்றும் மாணவர்கள்" ஆனார்கள். சென்றாயன் "மற்றும் ஒருவர்" ஆனார். கல்லை இரும்புத் தகட்டில் பதித்தபோது இல்லம் ஒரு பக்கம் சாய்ந்தது. சாயாமல் இருக்க எதிர்ப்பக்கம் அதே எடையில் எழுதாத கல் ஒன்றையும் பதித்தார்கள். அறுநூற்று நாற்பது கிலோ என்று எடைமேடை ரசீது வந்தது.

குழு வந்த நாள் காலையில் கிரகப்பிரவேசம். கல்லூரி முகப்பில் புல்தரையின் நடுவே, வடகிழக்கு பார்த்து, இல்லம் நின்றது. அந்த ஆறு அலுமினியக் குழாய்களையும் சுற்றிலும் நட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். தேவிப்ரியா அவற்றை அடையாளம் கண்டுகொண்டாள். ஒவ்வொன்றையும் அவள் கையால் அறுத்திருந்தாள்.

பசுமாட்டை உள்ளே விட வேண்டும் என்றார் ஐயர். வாசல் இரண்டடி அகலம். மாட்டின் தலை உள்ளே போயிற்று. கொம்பு தகட்டில் மாட்டிக்கொண்டது. மாடு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. குழுவின் கார்கள் அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தன.

"இது என்ன நடக்குது?" என்றார் குழுத் தலைவர்.

"உயிருள்ள சுமைச் சோதனை சார்" என்றார் ஆனந்தகுமார், கண் இமைக்காமல்.

குழுத் தலைவர் குறித்துக்கொண்டார். மாட்டை விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"நான் படிக்காதவன். படிக்காததுனாலதான் காலேஜ் ஆரம்பிச்சேன். படிச்சிருந்தா எவங்கிட்டயாச்சும் வேலைக்குப் போயிருப்பேன். இந்தப் புள்ளைங்க வந்து சொல்ற வரைக்கும் நம்மூர்ல ஊடில்லாதவங்க இருக்கறாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க. எனக்கு நாலு ஊடு. எந்த ஊட்டுச் சன்னல்ல பாத்தாலும் அப்படி ஒருத்தரும் தெரியறதில்ல. தெரிஞ்ச அன்னிக்கே முடிவு பண்ணீட்டேன், நம்ம காலேஜுக்குன்னு ஒருத்தரு வேணும்னு. மத்த காலேஜ்காரன் ரோபோ வெச்சிருக்கறான். விமானம் வெச்சிருக்கறான். ஊடில்லாதவரு வெச்சிருக்கறானா? அடுத்த வருசம் துறைக்கு ஒருத்தருன்னு எட்டுப் பேரா உயர்த்தறோம். இன்னும் அஞ்சே வருசம். இந்த மாவட்டத்துலயே ஊடில்லாதவங்க அதிகமா இருக்கற எடம் நம்ம காலேஜாத்தான் இருக்கும்!"

கைதட்டல் நிற்கச் சற்று நேரம் பிடித்தது. வரவேற்புக் குழு மாணவிகள் சென்றாயனுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

"நகரும் வீடுன்னு போட்டிருக்கீங்க. நகர்த்திக் காட்டுங்க" என்றார் குழுத் தலைவர்.

தாளாளரின் மச்சானுடைய கிரேன் தயாராக நின்றது. இல்லத்தைச் சங்கிலியில் தூக்கி, மூன்றடி தள்ளி இறக்கியது. காற்றில் அது திரும்பிவிடாமல் நான்கு விரிவுரையாளர்கள் கயிறு பிடித்தார்கள். வாஸ்து நிபுணர் திசைகாட்டியோடு கூடவே நடந்தார்.

"உங்களுக்குத் திருப்திதானா?" என்று குழுத் தலைவர் சென்றாயனிடம் கேட்டார்.

"நல்லாருக்குதுங்க சாமி. தூக்கத்தான் முடியாது."

"என்ன சொல்றாரு?"

"ரொம்ப உறுதியா இருக்குங்கறார் சார்" என்றார் ஆனந்தகுமார்.

குழு போன மறுநாள் தேவிப்ரியா மறுபடியும் அவர் மேசைமுன் நின்றாள். "சார், அவர்கிட்ட எப்பக் குடுக்கறது?"

ஆனந்தகுமார் கணினியைத் திறந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"முப்பத்தெட்டு சதவீதம்மா."

"எது சார்?"

"அவரோட அட்டெண்டன்ஸ். கார்டு போட்ட நாள்லருந்து ஒழுங்கா வரவேயில்ல. எழுபத்தஞ்சு இல்லாம எந்தச் சலுகையும் குடுக்க முடியாது. நான் சொல்லல. சாப்ட்வேர் சொல்லுது."

அப்படித்தான் சென்றாயன் தினமும் ஏழு நாற்பது பேருந்தில் கல்லூரிக்கு வர ஆரம்பித்தார். காலையில் கார்டை எந்திரத்தில் காட்டுவார். புல்தரை ஓரம் உட்கார்ந்து அந்த இல்லத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது பூட்டியிருந்தது, சாவி ஆனந்தகுமாரிடம். நாலரை மணிக்கு முட்டை எண்ணும் கருவிக்காரர்களோடு பேருந்தில் திரும்புவார். தினம் வந்தால் கார்த்திகைக்குள் எழுபத்தைந்து வந்துவிடும் என்று கோகுல்ராஜ் கணக்குப் போட்டான். மழை கார்த்திகை வரைக்கும் காத்திருக்காது என்பதற்குக் கணக்குத் தேவைப்படவில்லை.

ஐப்பசி பத்தாம் தேதி, மாலை நான்கு மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பொன்னெழுத்து நனைந்துவிடும் என்று தாளாளர் அறையிலிருந்து போன் வந்தது. இரண்டு ஊழியர்கள் ஓடிப்போய், மூலையில் கிடந்த எதையோ இழுத்து வந்து இல்லத்தின் மேல் போர்த்தி, கயிறு கட்டிவிட்டுப் போனார்கள்.

தேவிப்ரியா வகுப்புச் சன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். பழைய லாரித் தார்ப்பாய். பக்கவாட்டில் அவள் தைத்த தோள்வார் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு மேலே வீட்டைப் போர்த்தியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. பேனாவை மூடி வைத்தாள். வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடந்தாள். எங்கே என்று கேட்காமல் கோகுல்ராஜும் பின்னாலேயே போனான்.

கயிற்றை அவிழ்க்க இரண்டு நிமிடம். குழாய்களைப் பிடுங்க இரண்டு நிமிடம். ரிப்பன் துணி இன்னும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் தூறல் விழும்போது மூட்டை கட்டியாகிவிட்டது.

"எடுத்துக்குங்கண்ணா" என்றாள்.

சென்றாயன் மூட்டையைப் பார்த்தார். "கையெழுத்து வாங்கீட்டீங்களா அம்மிணி?"

"இல்லீங்க."

அவர் ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் மாட்டினார். இடுப்பைச் சற்றே நேராக்கிக்கொண்டார்.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். இருவரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

"என்னங்க தோள்ல?"

"ப்ராஜெக்டுங்க" என்றார் சென்றாயன்.

"ஐடி?"

சென்றாயன் நாடாவை இழுத்துக் காட்டினார். காவலாளி மழைத்துளியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.

"டேஸ்காலரு. மணி நாலரை ஆயிருச்சு, இன்னும் நின்னுட்டிருக்கீங்க? ஓடுங்க, பஸ்ஸு எடுத்துருவாங்க."

அன்று விடிய விடிய மழை.

இரண்டு நாள் கழித்துத் தேவிப்ரியாவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. ராசப்பன் இல்லத்தின் மழையுறை காணாமல் போனதால் கல்வெட்டின் மூன்று பெயர்கள் மங்கிவிட்டன. கீல்கள் துருப்பிடித்துக் கதவு திறக்கவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் அகமதிப்பெண் நிறுத்தப்படும். அவள் வெள்ளைத் தாளில் எழுதினாள்:

"ஐயா, பொருள் நகர்ந்துவிட்டது. நகர வேண்டும் என்றுதான் செய்தோம். இப்படிக்கு, தே. தேவிப்ரியா."

ஆனந்தகுமார் அதை இரண்டு முறை படித்தார். அவள் மதிப்பெண் போயிற்று என்றே நினைத்துக்கொண்டு நின்றாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து குழுவின் படிவத்தை எடுத்தார். "நகரும் தன்மைக்கான ஆவணச் சான்று" என்ற கட்டம் இத்தனை நாளும் காலியாகவே இருந்தது. அவள் கடிதத்தை அதில் குத்தி, டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டார். ஆடியிலிருந்து அவள் கேட்டு அலைந்த அதே கையெழுத்து.

"அந்தப் பயனாளி ரெண்டு நாளா வர்றதில்ல போல" என்றார். "அட்டெண்டன்ஸ் அம்பத்தெட்டுலருந்து அம்பத்திரெண்டுக்கு எறங்கிருச்சு. சொல்லி வைம்மா."

"சரிங்க சார்" என்றாள் தேவிப்ரியா.

மறுநாள் ஏழு நாற்பதுக்குப் பேருந்து டயர்க்கடை நிறுத்தத்தில் நின்றது. யாரும் ஏறவில்லை. ஓட்டுநர் ஒரு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு கியரை மாற்றினார். ஷட்டர் எப்போதோ தூக்கியாகிவிட்டது. கடைக்காரர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இரவு பெய்த மழையில் வாசல் முழுக்க ஈரம். நடுவில் மட்டும் ஆறடிக்கு மூன்றடி காய்ந்து கிடந்தது.